மர நிழலும் செத்த பேட்டரியும்: முர்ரே ஆற்றங்கரையில் ஐந்து இரவுகள்

மூன்றாம் நாள் விடியற்காலை 5 மணி இருக்கும். காபிக்குப் பால் எடுக்க என் மனைவி ஃபிரிட்ஜைத் திறந்தாள், உள்ளே விளக்கு எரியவில்லை. கையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "என்னங்க, இது செத்துப்போச்சு" என்றாள். பால் போனால் போகிறது. கதவில் முட்டை வைக்கிற தட்டுக்குப் பக்கத்தில் அவளுடைய இன்சுலின் பெட்டி இருந்தது, பிரிக்காத நான்கு பேனாக்கள். அன்றைக்கு வெயில் 38 டிகிரி போகும் என்று முந்தின நாளே வானிலையில் சொல்லியிருந்தார்கள்.

நான் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். அங்கே ஒரு இயந்திரம் நின்றால், ஓட வைத்தால் மட்டும் போதாது, ஏன் நின்றது என்று ஒரு பக்கமாவது எழுதித் தர வேண்டும், எழுதாமல் அன்றைய வேலை முடியாது. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு மாதம் கழித்து உட்கார்ந்து எழுதியதுதான் இது. சுற்றுலாக் கட்டுரை எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும், ஆனால் மீன் கதையும் இருக்கிறது.

முதலில் ஆட்களையும் வண்டியையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு 68, அவளுக்கு 64. மெல்போர்னில் இருக்கிறோம். பிள்ளைகள் தனிக்குடித்தனம் போனபின் இரண்டு பேருக்கு நான்கு அறை வீடு எதற்கு என்று யோசித்து, வீட்டை விற்காமல், அதற்குப் பதிலாக ஒரு பழைய மோட்டார் ஹோம் வாங்கினோம் (இந்தக் கணக்கு இன்றுவரை அவளுக்குப் புரியவில்லை). ஆஸ்திரேலியாவில் இப்படி ஓய்வு பெற்ற பிறகு வண்டியைக் கிளப்பிக்கொண்டு மாதக்கணக்கில் சுற்றுகிற தலை நரைத்தவர்கள் ஒரு தனிச் சாதி, 'கிரே நோமட்' என்பார்கள். நாங்கள் அந்த அளவுக்கு இல்லை, வாரக்கணக்கு ஆட்கள்தான். வண்டியில் கட்டில், குளியலறை, கேஸ் அடுப்பு, கம்ப்ரெசர் ஃபிரிட்ஜ், கூரையில் 200 வாட் சோலார் தகடு ஒன்று, அடியில் 100 ஆம்பியர்-அவர் (பேட்டரி எவ்வளவு மின்சாரம் பிடித்து வைக்கும் என்கிற அளவு) பேட்டரி இரண்டு. பேட்டரிகள் பழசு, வண்டியோடு வந்தவை. இன்ஜின் ஓடும்போது அதோடு சுழன்று மின்சாரம் தயாரிக்கிற ஆல்டர்னேட்டரிலிருந்தும் அந்த பேட்டரிகளுக்கு மின்சாரம் வரும் என்று விற்றவர் சொன்னார், நானும் தலையாட்டினேன். தொழிலில் இருந்தபோது ஒருவன் வாயால் சொன்னதை அளந்து பார்க்காமல் நான் கையெழுத்துப் போட்டதே கிடையாது. சொந்த வண்டி என்றதும் அந்தப் புத்தி எங்கே போனதோ.

மார்ச் முதல் வாரம் கிளம்பினோம். பள்ளி விடுமுறை முடிந்து ஆற்றங்கரை காலியாக இருக்கும், கோடையும் கொஞ்சம் இறங்கியிருக்கும் என்று கணக்கு. சீமூர், ஷெப்பர்டன், நுமுர்கா வழியாகக் கோப்ரம், சுமார் 250 கிலோமீட்டர். ஷெப்பர்டன் பக்கம் பீச் பழக் காலம் முடிகிற தறுவாய், சாலையோரத்தில் ஒரு பெட்டி வாங்கி வைத்தோம். மதியம் 3 மணிக்குக் கோப்ரம் தாண்டி ஒரு மண் பாதையில் இறங்கி, விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் என்ற இரண்டு மாநிலங்களுக்கு நடுவே ஓடும் முர்ரே ஆற்றின் விக்டோரியா கரையில் நின்றோம். வண்டியை எங்கே நிறுத்துவது? இதில் யோசிக்க எங்களுக்கு ஒன்றுமே இல்லை. நல்ல அகலமான மரம், அடியில் குளுகுளு என்று நிழல், எதிரே ஆறு. தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள் கண்ணில் ஆலமரம் மாதிரி ஒன்று பட்டுவிட்டால் வேறு எங்கே போவான்? 'நிழலின் அருமை வெயிலில் தெரியும்' என்று படித்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

அது ஆலமரம் இல்லை, ரிவர் ரெட் கம். நம் ஊர்த் தைலமரத்துக்கு நெருங்கிய உறவு, ஆனால் நம் ஊரில் தைலமரத்தை இளசிலேயே வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்பிவிடுவதால் அது கிழடு தட்டினால் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாது. இங்கே நூற்றுக்கணக்கான வருடம் நிற்கிறது. அடிமரத்தை நான்கு பேர் கைகோத்துக் கட்டிப்பிடிக்க வேண்டும். அதற்கு ஒரு குணம் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

சாயங்காலம் தூண்டிலோடு இறங்கினேன். முதல் தப்பு அங்கேயே. விக்டோரியாவில் சீனியர்ஸ் கார்டு என்கிற முதியோர் அட்டை வைத்திருந்தால் மீன்பிடி உரிமம் வாங்க வேண்டாம். எங்கள் இரண்டு பேரிடமும் கார்டு இருக்கிறது, நிற்பது விக்டோரியா கரை, அப்புறம் என்ன? நரம்பில் முள் கட்டி, ஈயக்குண்டு மாட்டி, மண்புழு கோத்து வீசி ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, பக்கத்து வண்டிக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நாயைப் பிடித்துக்கொண்டு வந்து சாவகாசமாகக் கேட்டார், நியூ சவுத் வேல்ஸ் உரிமம் இருக்கிறதா என்று. நான் இது விக்டோரியாதானே என்றேன். அவர் கால் நின்ற மேட்டைக் காட்டி இதுவரைதான் விக்டோரியா, நீங்கள் கீழே இறங்கிவிட்டீர்கள், அது வேற மாநிலம் என்றார்.

கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன், அது உண்மை. 1855-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் போட்ட சட்டத்தில் முர்ரே ஆறு முழுக்க நியூ சவுத் வேல்ஸுக்கு என்று எழுதிவிட்டார்கள். எல்லை ஆற்றின் நடுவில் போகவில்லை, தெற்குக் கரையின் உச்சியில் போகிறது. இதை 1980-இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றமே உறுதி செய்திருக்கிறது, அதுவும் ஒரு கொலை வழக்கில். இதே விக்டோரியா பக்கத்தில் தண்ணீர் ஓரமாக மீன்பிடித்துக்கொண்டிருந்த ஒருவரைக் கரை மேலிருந்து ஒருவர் சுட்டுவிட்டார். குற்றம் எந்த மாநிலத்தில் நடந்தது என்று கேள்வி வந்து, சுடப்பட்டவர் இருந்த இடம் நியூ சவுத் வேல்ஸ் என்று முடிந்து, விக்டோரியா கொடுத்த தண்டனை செல்லாமல் போனது. கொலைக்கே அப்படி என்றால் கெண்டைக்கு? அந்த மாநிலத்தில் பென்ஷனர் சலுகை அட்டை இருந்தால்தான் கட்டண விலக்கு, சீனியர்ஸ் கார்டு செல்லாது. தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு மேடேறி, சிக்னல் ஒரு கோடு கிடைத்த இடத்தில் நின்று, இரண்டு பேருக்கும் தலைக்கு 14 டாலர் கட்டி ஒரு மாத உரிமம் வாங்கினேன். ஆளுக்கு இரண்டு தூண்டில் போடலாம், இரண்டையும் கண் பார்வையில் வைத்திருக்க வேண்டும்.

அன்று இரவு ஒன்றும் சிக்கவில்லை. படுக்கும்போது மூச்சு இயந்திரத்தை மாட்டிக்கொண்டேன். எனக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறு உண்டு, முகமூடி வழியாகக் காற்று ஊதுகிற சீபேப் மாட்டினால்தான் தூக்கம், அதுவும் வீட்டில் பழகியபடியே காற்றை ஈரமாக்கிச் சூடாக்குகிற பகுதியையும் போட்டுவிட்டுத் தூங்கினேன். மார்ச் மாதப் புழுக்கத்தில் அது எதற்கு? பழக்கம்தான்.

இரண்டாம் நாள்தான் பயணத்தின் நல்ல நாள். விடிகிற நேரத்தில் தண்ணீர் மேல் லேசாகப் புகை மாதிரி எழும்பும், காக்கட்டூ கிளிக் கூட்டம் எதிர்க்கரை மரத்திலிருந்து ஊரைக் கூட்டும், அப்போது மீன் கடிக்கும். எனக்குத் தொடர்ந்து நான்கு கெண்டை. நம் ஊரில் சாதா கெண்டை என்று குளத்தில் விட்டு வளர்க்கிறோமே, அதே மீன், ஐரோப்பாவிலிருந்து வந்து இந்த ஆற்றுப் படுகையில் 1970-களின் வெள்ளத்தோடு பரவி, பல இடங்களில் ஆற்றில் உள்ள மீன் எடையில் பாதிக்கு மேல் இதுதான் என்று ஆகிவிட்டது. அடிச்சேற்றைக் கிளறிக் கிளறித் தின்று தண்ணீரைக் கலக்கிவிடும். இங்கே அதைப் பிடித்தால் உயிரோடு திரும்ப விடக் கூடாது என்பதுதான் ஆற்றங்கரை நியாயம். வெள்ளைக்காரர்கள் தின்பதும் இல்லை, ரோஜாச் செடிக்கு உரமாகப் புதைக்கிறார்கள். பக்கத்து வண்டிக்காரர் நாங்கள் அதை அரிவதைப் பார்த்த பார்வை இருக்கிறதே! என் மனைவி முதுகோடு வெட்டி, மஞ்சளும் கல் உப்பும் போட்டு மூன்று தண்ணீர் அலசி, புளித்தண்ணீரில் அரை மணி ஊறவைத்துச் சேற்று வாடையை எடுத்து, சின்ன வெங்காயம் தூக்கலாகப் போட்டு ஒரு குழம்பு வைத்தாள். முள் அதிகம், பொறுமையாகச் சாப்பிட வேண்டும். ஒரு கிண்ணம் அவருக்குக் கொடுத்தோம். கிண்ணம் காலியாகத் திரும்பி வந்தது, நாய்க்குப் போட்டாரா என்று நாங்கள் விசாரிக்கவில்லை.

முர்ரே காட் என்பதுதான் இந்த ஆற்றின் ராஜா, ஆஸ்திரேலியாவின் நன்னீர் மீன்களிலேயே பெரியது, 100 கிலோவுக்கு மேல் வளர்ந்தது எல்லாம் பிடிபட்டிருக்கிறது. செப்டம்பர் முதல் நவம்பர் வரை முட்டையிடும் காலம், பிடிக்கத் தடை. மற்ற மாதங்களிலும் 55 சென்டிமீட்டருக்குக் கீழேயும் 75-க்கு மேலேயும் இருந்தால் விட்டுவிட வேண்டும். சின்னது வளர வேண்டும் என்பது எல்லோருக்கும் புரியும், பெரிசையும் விடச் சொல்வது அதுதான் நிறைய முட்டை போடும் என்பதால். இதைப் பிடிக்கச் செடார் பாலாடைக்கட்டியை முள்ளில் குத்திப் போடுகிறார்கள், நம்பவே மாட்டீர்கள், எனக்கு அதில்தான் சிக்கியது. அளவுகோலில் வைத்தால் 49. கையை நனைத்துக்கொண்டு பிடித்து, முள்ளைக் கழற்றி விட்டேன், ஒரு நொடி அப்படியே நின்றுவிட்டு வாலை ஆட்டிப் போனது. தூண்டிலைத் தொடவே மாட்டேன் என்றிருந்த மனைவி, நான் தேநீர் குடிக்கப் போன நேரத்தில் என் தூண்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து 38 சென்டிமீட்டரில் ஒரு மஞ்சள் வயிற்று மீனை (கோல்டன் பெர்ச்) இழுத்துப் போட்டுவிட்டாள். அதற்கப்புறம் அந்தத் தூண்டில் எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

அன்று மாலை 4 மணி. காற்று சுத்தமாக இல்லை, இலை அசையவில்லை. எங்களிடமிருந்து ஒரு முப்பது நாற்பது அடி தள்ளி நின்ற மரத்தில் துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம், அடுத்து ஒரு கிளை, கிளை என்றால் நம் வீட்டுத் தூண் பருமன், நேராகக் கீழே வந்து விழுந்து புழுதி கிளம்பியது. இதுதான் நான் பிறகு சொல்கிறேன் என்ற குணம். வெயில் காலத்தில், காற்றே இல்லாத நாளில்கூட, பச்சையாக இருக்கும் பெரிய கிளையை இந்த மரம் முன்னறிவிப்பு இல்லாமல் உதறிவிடும். கம் மரத்தடியில் கூடாரம் போடாதே என்பது இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட முகாமிலேயே சொல்லிக் கொடுக்கிற பாடம். எங்கள் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கும், எங்களுக்குச் சொல்லத் தோன்றவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மனைவி எங்கள் மரத்தை அண்ணாந்து பார்த்தாள். "என்னங்க, மேல பாருங்க, இதுலயும் அதே மாதிரி ஒண்ணு இருக்கு." பார்த்தேன், இருந்தது, வண்டியின் கூரைக்கு நேர் மேலே. நான் என்ன செய்தேன்? நாளைக் காலையில் நகர்த்தலாம் என்றேன். ஏனென்றால் வெயில் 36 டிகிரி, வண்டியைச் சமன் செய்யச் சக்கரத்துக்கு அடியில் வைத்த கட்டைகளை எடுக்க வேண்டும், பந்தலைச் சுருட்ட வேண்டும், மீன் வேறு கடித்துக்கொண்டிருந்தது. இந்த அறிக்கையில் மாற்றி எழுத முடிந்தால் நான் மாற்றி எழுதுவது இந்த ஒரு வரியைத்தான். அன்று இரவும் அந்தக் கிளைக்கு அடியில்தான் தூங்கினோம்.

விடிந்தால் ஃபிரிட்ஜ் செத்திருந்தது.

முதலில் இன்சுலின். பிரிக்காத பேனா 2-இலிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், பயன்படுத்த ஆரம்பித்தது வெளியே சாதாரண அறை வெப்பத்தில் 28 நாள் தாங்கும், அவளுடைய மருந்துத் தாளில் அப்படித்தான் போட்டிருந்தது. ஃபிரிட்ஜ் உள்ளே வெப்பமானி 17 காட்டியது. அப்போதைக்குக் கெடவில்லை, ஆனால் மதியம் வண்டிக்குள் 40 தாண்டினால் போய்விடும். அவள் பதறவே இல்லை. பேனாக்களை ஒரு எவர்சில்வர் டம்ளரில் போட்டு மூடி, சுற்றிலும் ஈர வேட்டித் துணி சுற்றி, ஒரு தட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அதில் நிற்கவைத்து, துணியின் நுனி தண்ணீரில் தொங்குகிற மாதிரி செய்து, ஆற்றுக் காற்று படுகிற நிழலில் வைத்தாள். மண்பானைத் தத்துவம்தான். முர்ரே பக்கத்துக் காற்று காய்ந்த காற்று என்பதால் நன்றாகவே வேலை செய்தது, ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தேன், டம்ளர் சில்லென்று இருந்தது. 1890-களில் மேற்கு ஆஸ்திரேலியாவின் கூல்கார்டி தங்க வயலில் இதே உபாயத்தில், ஈரச் சாக்குத் தொங்கவிட்ட அலமாரியில்தான் இறைச்சியும் வெண்ணெயும் வைத்திருந்தார்கள் என்று பக்கத்து வண்டிக்காரர் வந்து சொன்னார். அவருக்கு எல்லாம் தெரியும்.

அடுத்து மின்சாரம். இன்ஜினைப் போட்டு அரை மணி ஓடவிட்டேன், ஃபிரிட்ஜ் எழவில்லை. அப்போதுதான் வோல்டேஜ் அளக்கிற மல்டிமீட்டரை எடுத்தேன். முன்பக்கம், வண்டியைக் கிளப்புகிற பேட்டரியில் 14.2 வோல்ட். பின்பக்கம், ஃபிரிட்ஜுக்கும் விளக்குக்கும் மின்சாரம் தருகிற வீட்டுப் பேட்டரியில் 11.7, இன்ஜின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதே 11.7. அதாவது நடுவில் எங்கோ அறுந்திருக்கிறது. ஓட்டுநர் இருக்கையைத் தூக்கிக் கேபிளைப் பிடித்துக்கொண்டே போனால் ஒரு பெரிய ஃபியூஸ். ஃபியூஸ் நன்றாக இருந்தது. அதை இறுக்குகிற நட்டு விரலாலேயே சுழன்றது, அடியில் செம்பு முனை முழுக்கப் பச்சைக் களிம்பு, ஒரு ஓரம் சூட்டில் கறுத்துப்போயிருந்தது. எத்தனை மாதமாக இப்படி? தெரிய வழியே இல்லை, ஏனென்றால் வீட்டு வாசலில் நிற்கும்போது சுவரிலிருந்து மின்சாரம் வருகிறது, முன்னால் போன இரண்டு பயணத்திலும் மின் இணைப்புள்ள பூங்காக்களில்தான் தங்கினோம். ஆல்டர்னேட்டர் வழி செத்துக் கிடந்தது யாருக்கும் தேவைப்படாததால் யாருக்கும் தெரியவில்லை. என் தொழிலில் இதுதான் மிக மோசமான வகைப் பழுது. உப்புத்தாளால் தேய்த்து, 10 மில்லிமீட்டர் ஸ்பேனரால் இறுக்கி, மறுபடி அளந்தேன், 13.9. பத்து நிமிட வேலை.

ஆனால் அதுவே முழுக் காரணம் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு இரவுக்கு ஃபிரிட்ஜ் சுமார் 20 ஆம்பியர்-அவர், என் மூச்சு இயந்திரம் சூடாக்கியோடு 25, விசிறியும் விளக்கும் 8, ஆக 53. பகலில் 36 டிகிரி வெயிலில் ஃபிரிட்ஜ் மூச்சுவிடாமல் ஓடி இன்னொரு 30 தின்றது. சோலார் வெட்டவெளியில் நாளைக்கு 50, 60 தர வேண்டியது, மர நிழலில் 12தான் தந்தது. நிழலில் கொஞ்சம் வெளிச்சம் விழத்தானே செய்கிறது என்று நினைப்போம், தகட்டில் உள்ள செல்கள் ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்தவை, ஒன்றிரண்டின் மேல் இலை நிழல் விழுந்தாலே தோட்டத்துக் குழாயை ஒரு இடத்தில் மிதித்த மாதிரி மொத்தமும் சுருங்கிவிடும். 53-உம் 30-உம் 83, அதில் 12 போக 71. பேட்டரி இரண்டும் 200 என்று எழுதியிருந்தாலும் பாதிக்கு மேல் இறக்கினால் கெட்டுவிடும், பழசு என்பதால் அந்த நூறுகூட உண்மையில் இல்லை. இரண்டாவது இரவின் 53-ஐ அது எங்கிருந்து கொடுக்கும்? ஃபிரிட்ஜ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வோல்டேஜ் இறங்கியதும் நின்றுவிட்டது, அதைக் குற்றம் சொல்ல முடியாது.

விற்றவர் மேல் பழியைப் போட்டு முடித்துவிடலாம், மகன் அதைத்தான் செய்தான். எனக்கு ஒப்பவில்லை. களிம்பு பிடித்த நட்டு இருந்தும் வண்டி வெயிலில் நின்றிருந்தால் ஃபிரிட்ஜ் ஓடியிருக்கும். நிழலில் நின்றும் அந்தச் சூடாக்கியை நான் அணைத்திருந்தால் இன்னொரு நாள் தாங்கியிருக்கும். கிளை விழுந்த மாலையே நகர்த்தியிருந்தால் அடுத்த நாள் வெயில் ஏறியதும் சோலார் தானாகப் பிடித்துக்கொண்டிருக்கும். ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே போனால் எல்லாக் கிளையும் அந்த முதல் நாள் மதியம் 3 மணிக்கு வண்டியை நிறுத்திய இடத்தில்தான் வந்து சேர்கிறது. நம் ஊரில் மரத்தடி என்றால் பத்திரம், பஞ்சாயத்தே அங்கேதான் நடக்கும். இந்த ஊரில் மரத்தடி என்றால் மேலே பார்க்க வேண்டும். முப்பது வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன், வரிச் சட்டம் தெரியும், கிரிக்கெட் தெரியும், மரம் தெரியவில்லை.

காலை 9 மணிக்குள் கட்டைகளை எடுத்து, வண்டியை மணல்திட்டுக்கு மேலே இருந்த புல்வெளிக்கு நகர்த்தினேன், சுற்றிலும் 30 மீட்டருக்கு மரமே இல்லாத இடம். அதற்கு முன் கோப்ரம் ஊருக்குள் ஒரு ஓட்டம், போக வர பேட்டரிக்குக் கொஞ்சம் ஏறியது. மருந்துக்கடையில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எத்தனை மணி நேரம், எத்தனை டிகிரி என்று விசாரித்து, பேனாக்களைத் தூக்கிப் போட வேண்டாம், ஆனால் இன்றிலிருந்து தேதி எழுதி 28 நாளுக்குள் தீர்த்துவிடுங்கள், மிஞ்சினால் கொட்டிவிடுங்கள் என்றார். நான்கில் ஒன்றரை மிஞ்சியது, கொட்டினோம். கழிவறைத் தொட்டியையும் அப்படியே ஊரில் காலி செய்துவிட்டு வந்தோம், அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

மிச்ச மூன்று இரவும் வெயிலில்தான். பந்தலை விரித்து, அதன் ஓரத்தில் ஈரப் போர்வையைத் தொங்கவிட்டு, மதியம் 12-இலிருந்து 4 வரை ஆற்றில் முழங்கால் தண்ணீரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தோம். மதியத்துக்குள் பேட்டரி 13-ஐத் தாண்டிவிடும். ஐந்தாம் நாள் காலை நடந்து போகும்போது பழைய இடத்தைப் பார்த்தோம். அந்தக் கிளை விழவில்லை, அங்கேயேதான் இருந்தது. வேறு யாரோ அதன் அடியில் கூடாரம் போட்டிருந்தார்கள், இரண்டு சின்னப் பிள்ளைகளோடு. போய்ச் சொன்னேன். அவர் மேலே பார்த்தார், நன்றி சொன்னார், மதியத்துக்குள் நகர்த்துகிறேன் என்றார். என் மனைவி நகராமல் அங்கேயே நின்றாள். கடைசியில் அவர் ஆணியைப் பிடுங்க ஆரம்பித்த பிறகுதான் திரும்பி வந்தாள்.

வீட்டுக்கு வந்து செய்தவை: பேட்டரி இரண்டையும் மாற்றி ஒரே லித்தியம், அதற்கேற்ற சார்ஜர், மொத்தம் ஒரு நல்ல தொகை. மூச்சு இயந்திரத்துக்கு நேரடியாக 12 வோல்ட் கம்பி, சூடாக்கி வீட்டோடு சரி. கையால் தூக்கி வெயிலில் வைக்கிற மடிப்பு சோலார் தகடு ஒன்று. இன்சுலினுக்குத் தண்ணீரில் நனைத்து வைக்கிற பை ஒன்றை மகள் வாங்கித் தந்தாள், அம்மாவோ டம்ளரையும் வேட்டித் துணியையும் அதே அலமாரியில் தனியாக எடுத்து வைத்திருக்கிறாள். ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் அந்த நட்டின் மேல் சிவப்புச் சாயத்தால் ஒரு கோடு இழுத்திருக்கிறேன், கோடு உடைந்து விலகியிருந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம், கிளம்புமுன் பார்த்துவிட்டுத்தான் சாவியைப் போடுவேன். தூண்டில் இன்னொன்று வாங்கியாகிவிட்டது, எனக்கு.